இறங்கி உருட்டிச் செல்லவும்

எங்கள் வீட்டுக் குசினி யன்னலில் நின்று பார்த்தால் ஒரு நாற்சந்தி தெரியும். நான்கு பக்கமும் நான்கு சிவப்புப் பலகை, நில் என்று. காலையில் தேத்தண்ணிக் கோப்பையோடு நின்று அந்தச் சந்தியைப் பார்ப்பதுதான் எனக்கு இப்போது பொழுதுபோக்கு. ஒரு கார் வரும். சந்தியில் ஈ காக்காய் இருக்காது. ஆனாலும் கார் நிற்கும். உள்ளே இருப்பவர் இடம் பார்ப்பார், வலம் பார்ப்பார், மறுபடி இடம் பார்ப்பார், பிறகு சந்நிதியில் கும்பிட்டு முடித்தவர் போல மெல்ல நகருவார். யாருக்காக நின்றார் என்று கேட்டால் அவருக்கே தெரியாது. பலகை சொன்னது, நின்றார். இப்படி ஆளில்லாத சந்திக்கு மரியாதை கொடுக்கிற ஊரில், ஆளாய் இருக்கிற நான் ஏறிப் போக ஒரு பஸ் இல்லை.

ஊரில் இருந்து இதை வாசிப்பவர்களுக்கு ஸ்ரௌவ்வில் பற்றிச் சொல்ல வேண்டும். ரொறொன்ரோவுக்கு வடக்கே, மார்க்கத்தையும் தாண்டி, சோள வயலை வழித்துவிட்டுக் கட்டிய வீடுகள். எல்லா வீடும் ஒரே முகம். வீட்டின் முன்பக்கம் பெரிதாகத் தெரிவது கராஜ் கதவுதான். காலையில் அது திறந்து ஒரு கார் வெளியே வரும், மாலையில் திறந்து அதே கார் உள்ளே போகும். காருக்குள் மனிதர் இருப்பதாக நம்பிக்கொள்ள வேண்டியதுதான். பக்கத்து வீட்டுப் பெண்மணியை இந்தப் பத்து மாதத்தில் நான் முழுதாகப் பார்த்தது கிடையாது. கண்ணாடிக்குப் பின்னால் ஒரு கை அசையும், அவ்வளவுதான். எங்கள் சனம் இங்கே வீடு வாங்கிவிட்டு, ‘அமைதியான இடம்’ என்று சொல்லிக்கொள்கிறது. செத்தவர்களைப் புதைக்கிற சேமக்காலையும் அமைதியான இடந்தான்.

அதற்கு முன் ரொறொன்ரோவுக்குள், மல்வேர்னில் மாடிக் குடியிருப்பில் இருந்தோம். என் கணவர் காலமானதும் அங்கேதான், மகன் சுதன் படித்து ஆளானதும் அங்கேதான். கட்டிடத்தின் வாசலில் பஸ் தரிப்பு. விடியற்காலைப் பஸ்ஸில் பாதிப் பேர் எங்கள் ஆட்கள், எல்லாரும் ஷிஃப்டுக்குப் போகிறவர்கள். நான் ஸ்காபரோவில் ஒரு முதியோர் இல்லத்தில் பராமரிப்பு வேலை செய்கிறேன். முருங்கையிலை வாங்க நினைத்தால் நடந்து போய் வாங்கிவருவேன். யாரிடமும் கேட்கவில்லை. சுதன் ஸ்ரௌவ்வில்லில் வீடு வாங்கியபோது பால் காய்ச்சி எல்லாரும் கைதட்டினோம். அன்றிரவே நான் என் கால் இரண்டையும் அவனிடம் அடகு வைத்துவிட்டேன் என்பது பிறகுதான் விளங்கியது.

லைசென்ஸ் இல்லாத ஆள் இங்கே ஒரு பார்சல். யாராவது ஏற்ற வேண்டும், யாராவது இறக்க வேண்டும். ‘அன்ரி, வழியிலதானே, வாங்கோ’ என்று கோயிலுக்கு ஏற்றிப்போகிறவர்கள் இருக்கிறார்கள். பூசை முடிந்ததும் அவர்கள் கார்த் தரிப்பிடத்தில் நின்று அரை ஊரோடும் கதைத்து முடிக்கும்வரை நான் காரின் அருகே குளிரில் நிற்க வேண்டும். சீக்கிரம் போவோமா என்று கேட்க முடியாது, பார்சல் வாய் திறக்கக் கூடாது. திரும்பும் வழியில் அவர்களின் புதுக் குசினியின் மாபிள் பெருமையையும் கேட்டு, ஓம் ஓம் என்று சொல்லி இறங்க வேண்டும். ஏற்றிப் போன புண்ணியத்தை அவர்கள் ஒரு வருஷம் சொல்லிக் காட்டுவார்கள்.

போன இலையுதிர் காலத்தில் மருமகள் பிரசவ விடுப்பு முடிந்து வேலைக்குத் திரும்ப ஆயத்தமானாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை சுதன் என் முன்னால் கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். கதிரையை இழுத்துப் போட்டால் ஏதோ முடிவெடுத்தாயிற்று என்று அர்த்தம்.

“அம்மா, வேலைய விட்டிட்டு வீட்டில இருங்கோவன். பிள்ளையையும் பார்த்த மாதிரி. உங்களக் கொண்டுபோய் விடுறதும் கூட்டிக்கொண்டு வாறதும் எனக்கும் கஷ்டமா இருக்கு.”

பேத்தி என் உயிர். அதில் யாருக்கும் சந்தேகம் வேண்டாம். ஆனால் காலை முதல் மாலை வரை அந்த யன்னலில் நின்று, ஆளில்லாச் சந்தியில் கார்கள் கும்பிடுவதைப் பார்த்தே நான் கிழவியாக வேண்டுமா? எனக்கு என் வேலை வேண்டும். அங்கே என்னை அம்மா, அன்ரி என்று இல்லாமல் பூமணி என்று கூப்பிடுகிறார்கள்.

“அப்ப நான் லைசென்ஸ் எடுத்தாலோ மனே?” என்று கேட்டேன்.

அவன் சிரித்தான். “முதல்ல எழுத்துச் சோதனை பாஸ் பண்ணுங்கோ பாப்பம். பாஸ் பண்ணினா, நீங்க தனிய ஓடுற லைசென்ஸ் வரும் மட்டும் நானே பக்கத்தில இருந்து வேலைக்குக் கூட்டிக்கொண்டு போறன். பிள்ளைக்கு வேற இடம் பாப்பம். இல்லாட்டி வேலைய விடோணும். டீல்?”

டீல் என்றேன். நான் தோற்பேன் என்ற நம்பிக்கையில் வந்த தாராளம் அது. அவனை நான்கு வயதில் இங்கே கொண்டுவந்தேன். மட்டக்களப்பில் படுவான்கரைப் பக்கம் அவனுடைய அம்மா சுகாதாரத் திணைக்களம் கொடுத்த சின்ன மோட்டார் சைக்கிளில், வெள்ளைச் சாரியோடு, பிரசவத்துக்குப் போய்வந்த மிட்வைஃப் என்பது அவனுக்கு ஆல்பத்தில் இருக்கிற ஒரு படம், அவ்வளவுதான். செம்மண் தெருவில் மழைக்குள் வண்டி ஓட்டிய எனக்கு, தரையில் கோடு கீறிய தெருவில் ஓட்டத் தெரியாதாம்.

சாரதிக் கைந்நூலை வாங்கினேன். இதைப் படித்தால் இந்த நாட்டு மக்கள் மீது உங்களுக்கு இரக்கம் வரும். இருட்டினால் விளக்கைப் போடு. மழை பெய்தால் வேகத்தைக் குறை. தூக்கம் வந்தால் ஓட்டாதே. இதையெல்லாம் புத்தகத்தில் எழுதி வைத்தால்தான் செய்வார்கள் போலிருக்கிறது. மான் துள்ளுகிற படம் போட்ட மஞ்சள் பலகைக்கு ஒரு பந்தி விளக்கம். படுவான்கரையில் யானை குறுக்கே வரும், பலகையும் கிடையாது, யானையும் யாரிடமும் அனுமதி கேட்பதில்லை. பத்துப் பக்கம் புரட்டிவிட்டு மூடி வைத்தேன்.

சுதன் சும்மா இருக்காமல் என்னை மல்வேர்னில் யாழ்ப்பாணத்துக் குணம் மாஸ்டரின் வகுப்பில் கொண்டுபோய்ச் சேர்த்தான். மாஸ்டர் என்றால் ஊரில் பள்ளிக்கூடத்தில் படிப்பித்தவராக்கும் என்று நினைக்காதீர்கள். இங்கே கார் பழக்குகிறவரும் மாஸ்டர்தான். ஒரு வீட்டின் நிலக்கீழ் அறையில் மடிப்புக் கதிரைகள், சுவரில் தெருப் பலகைப் படங்கள், மூலையில் மாஸ்டரின் மனைவி விற்கிற ரோல்ஸ். சோதனையைத் தமிழிலும் எழுதலாம். அந்தக் கேள்விகளை யார் யாரோ மனதில் வைத்துக்கொண்டு வந்து எழுதி, அது போட்டோக்கொப்பியாகி, கொப்பியின் கொப்பியாகி, எங்கள் கையில் வரும்போது பாதி எழுத்து பூச்சி தின்றதுபோல இருந்தது. வகுப்பில் யாரும் கேள்வியை வாசிக்கவில்லை. ஏ, சி, சி, டி என்று விடையின் வரிசையைத் தேவாரம் போல ஒப்புவித்துக்கொண்டிருந்தார்கள்.

“கேள்வியை வாசிச்சு மினக்கெடாதேங்கோ,” என்றார் மாஸ்டர். “நாலு விடையில ஆக நீளமானது எது? உதுதான் சரி. ‘மேற்கூறிய யாவும்’ எண்டு வந்தால் கண்ணை மூடிக்கொண்டு உதைப் போடுங்கோ.”

எனக்குப் பொறுக்கவில்லை. “அப்ப தெருவில போகக்குள்ள ஆக நீளமான லொறிக்கு வழி விட்டாச் சரியோ மாஸ்டர்?” என்று கேட்டேன்.

நாலு பேர் சிரித்தார்கள். மாஸ்டர் சிரிக்கவில்லை. “அக்கா, நீங்கள் லைசென்ஸ் எடுக்க வந்தனீங்களோ, என்னைச் சோதிக்க வந்தனீங்களோ?”

அதோடு வகுப்புக்கு முழுக்குப் போட்டேன். யாழ்ப்பாணத்தில் பரீட்சை என்றாலே பாடமாக்கல்தான் என்று மட்டக்களப்பில் நாங்கள் நக்கலடிப்போம். கடல் தாண்டி வந்தும் அந்த நோய் அவர்களை விடவில்லை. இவர்கள் மகா சமர்த்தர்கள். இப்படிப் பாடமாக்கி லைசென்ஸ் எடுத்தவர்கள்தான் கடைத் தரிப்பிடத்தில் மற்றவன் கதவை இடித்துவிட்டு அவனிடமே ‘ஏன் இஞ்ச விட்டனீர்’ என்று கேட்கிறார்கள். நான் கேள்வியை வாசித்து, யோசித்து, நேர்மையாக எழுதப் போகிறேன் என்று முடிவு செய்தேன்.

சோதனை நிலையத்தில் கணினிக்கு முன்னால் உட்கார்ந்தேன். தமிழ் எழுத்து திரையில் வந்தது. எந்தத் தமிழன் இப்படிப் பேசுகிறானோ தெரியாது, அகராதியோடு யாரோ மல்லுக்கட்டியிருக்கிறார்கள். பலகைக் கேள்விகளைத் தட்டிக்கொண்டு போனேன். விதிமுறைப் பகுதியில் ஒரு கேள்வி வந்தது. பொலீஸ் அதிகாரி உங்கள் வாகனத்தை நிறுத்தும்படி சைகை செய்தால் நீங்கள் என்ன செய்ய வேண்டும்? எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இதற்கெல்லாமா ஒரு கேள்வி? வாகனத்தை நிறுத்தி, இறங்கி, ஆவணங்களுடன் அதிகாரியிடம் செல்லுதல் என்று ஒரு விடை இருந்தது. அதை அமத்திவிட்டு அடுத்ததற்குப் போனேன். இது ஒன்றாவது எல்லா நாட்டிலும் ஒன்றுதானே என்றுகூட நினைத்தேன்.

ஒரே ஒரு கேள்வியால் தோற்றேன். எதனால் என்று திரையே காட்டியது. ஓரமாக நிறுத்தி, வாகனத்துக்குள்ளேயே இருந்து, அதிகாரி வரும்வரை காத்திருக்க வேண்டுமாம்.

கண்ணாடிக்குப் பின்னால் இருந்த இளம் பெண்ணிடம் போனேன். என்னுடைய ஆங்கிலத்தில், திரை காட்டுகிற விடைதான் பிழை என்று சொன்னேன். அவளுக்கு நான் என்ன கேட்கிறேன் என்றே விளங்கவில்லை.

“யூ ஸ்டே இன் த கார், மேம். ஹி கம்ஸ் டு யூ.”

அவர் என்னிடம் வருவாராம். நான் மகாராணி மாதிரி உள்ளே இருந்தால் அவருக்குக் கோபம் வராதா என்று கேட்டேன். ஏன் கோபம் வரப்போகிறது என்று அவள் திருப்பிக் கேட்டாள். பிறகு குரலைத் தாழ்த்தி, அக்கறையோடு ஒன்று சொன்னாள். நீங்கள் திடீரென்று இறங்கினால் அவர் பயந்துவிடக் கூடும்.

இடுப்பில் துவக்கு வைத்திருக்கிற ஆளுக்கு, ஐம்பத்தெட்டு வயதுப் பெண் ஒருத்தி காரால் இறங்கினால் பயமாம். கேட்டுக்கொண்டு வெளியே வந்தேன். சுதன் காரில் இருந்தபடியே என் முகத்தைப் பார்த்துவிட்டான். எந்தக் கேள்வி என்று கேட்டான். சொன்னேன். என்ன விடை போட்டேன் என்றும், ஊரில் லைற்றை அணைத்து இறங்கி உருட்டித்தான் போவோம் என்றும் சொன்னேன். வீடு வரும் வரை சிரித்துக்கொண்டே ஓட்டினான்.

சிரித்ததோடு விட்டிருந்தால் நான் இதை எழுதியிருக்க மாட்டேன். அடுத்த சனிக்கிழமை பேத்தியின் முதலாவது பிறந்தநாள். வீடு நிறைந்த சனம். கேக் வெட்டியதும் சுதன் தன் நண்பர்களுக்கு நடுவில் நின்று இந்தக் கதையை எடுத்தான். “பொலீஸ் மறிச்சா அம்மா என்ன செய்வா தெரியுமோ? லைற்ற நூர்த்துப்போட்டு, இறங்கி, காரை உருட்டிக்கொண்டு போவா!” பெடியளும் பெட்டையளும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். ஒருத்தி ‘சோ கியூட்’ என்றாள். சிறு நாய்க்குட்டிக்குச் சொல்லுகிற அதே சொல். எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. இவன் வளர்ந்து இந்த வீட்டை வாங்கும் வரை நான் யார் யாருடைய மலத்தைத் துடைத்தேன் என்று அந்த நேரம் நினைக்கக் கூடாது, நினைத்தேன்.

சோபாவில் அந்தோனி அண்ணை இருந்தார். சுதனோடு வேலை செய்கிற ஒரு பிள்ளையின் தகப்பன், மன்னார்க்காரர். அவர் சிரிக்கவில்லை. கையிலிருந்த தட்டை மடியில் வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

“எந்தச் சென்றி, அக்கா?”

வாவியைக் கடக்கிற பாலத்தடியில், சண்டைக் காலத்தில் ஆமிக்காரர் மறித்துச் சோதித்த சென்றி என்று சொன்னேன். அங்கே ஒரு பலகை இருந்தது, இறங்கி உருட்டிச் செல்லவும் என்று. பலகைக்கு முன்னமே எஞ்சினை நிறுத்தி, விளக்கை அணைத்து, இறங்க வேண்டும். ஹெல்மெட்டைக் கழற்றிக் கைப்பிடியில் கொழுவ வேண்டும். அடையாள அட்டையை வாயில் கவ்விக்கொண்டு வண்டியை உருட்ட வேண்டும், ஓடவும் கூடாது, நிற்கவும் கூடாது. அக்கரையில் ஒருத்திக்குப் பனிக்குடம் உடைந்திருக்கும். இக்கரையில் ஒருவன் என் பையில் இருக்கிற கையுறைகளை ஒவ்வொன்றாக விரித்துப் பார்ப்பான். இறங்க மறந்தவர்களின் கதைகள் எங்களுக்குத் தெரியும். அவற்றை நான் இங்கே எழுதப் போவதில்லை.

“எங்கட பக்கம் பஸ்ஸால எல்லாரும் இறங்கி வரிசையா நடக்கோணும். வெறும் பஸ் பின்னால வரும்,” என்றார் அந்தோனி அண்ணை.

உடனே ஒரு யாழ்ப்பாணத்து அன்ரி குறுக்கே வந்தார். “உது ஒண்டும் இல்லை. எங்கட பக்கம் வெளி லைற்றை நூர்த்து, உள் லைற்றைப் போடோணும். உள் லைற் பழுதெண்டால் அந்த வழியாலயே போகேலாது.” இன்னொருவர் அப்படியில்லை, முதலில் கையைத்தான் காட்ட வேண்டும் என்றார். பத்து நிமிடத்தில் சோபாவில் இருந்த கிழடுகள் எல்லாம் யாருடைய சென்றி பெரியது என்று வாக்குவாதத்தில் இறங்கிவிட்டன. எங்கள் சனத்துக்கு இதிலும் போட்டி. பட்ட அவமானத்தில்கூட மற்றவனை விட ஒரு புள்ளி கூட எடுத்தால்தான் நித்திரை வரும்.

இளசுகள் மெல்லக் கலைந்து போனார்கள். சுதன் மட்டும் கேக் கத்தியோடு அதே இடத்தில் நின்றான்.

“ஏன் வாயில?” என்று கேட்டான்.

“கை ரெண்டும் ஹாண்டில்ல மனே. பிறகு எங்க வைக்கிற?”

அவன் கத்தியைக் கழுவக் குசினிக்குப் போனான்.

இரண்டாம் முறை கைந்நூலை முழுதாகப் படித்தேன், மானையும் விடவில்லை. அதே கணினி, அதே கந்தல் தமிழ். பொலீஸ் கேள்வியும் வந்தது. வாகனத்துக்குள்ளேயே இருத்தல் என்பதை அமத்தினேன். எனக்குத் தெரிந்த விடை அதுவல்ல, அவர்களுக்கு வேண்டிய விடை. இது குணம் மாஸ்டரின் வழிதான் என்பதும் தெரியும். இந்த முறை பாஸ். கண்ணாடிக்குப் பின்னால் இருந்த அதே பெண் கைதட்டினாள். கண்ணைப் பரிசோதித்து, படம் எடுத்தார்கள். படத்தில் சிரிக்கக் கூடாது என்றார்கள். எனக்கு அந்தச் சிரமம் இருக்கவில்லை.

சுதன் சொன்ன சொல்லைக் காப்பாற்றினான். பேத்திக்குப் பராமரிப்பு நிலையத்தில் இடமும் கிடைத்தது. தேடினால் கிடைக்கும் என்று நான் முதலே சொன்னேன். இந்த ஜீ ஒன் என்கிற பழகுநர் லைசென்ஸோடு தனியாக ஓட்ட முடியாது, பழைய சாரதி ஒருவர் பக்கத்தில் இருக்க வேண்டும். ஆகவே அவன் இருக்கிறான். நான் ஓட்டுகிறேன். ஆளில்லாச் சந்தியில் நானும் நிற்கிறேன், இடம் பார்க்கிறேன், வலம் பார்க்கிறேன். என்னைப் போல யாராவது யன்னலில் நின்று பார்த்துச் சிரித்தால் சிரிக்கட்டும்.

போன வாரம் மாலை ஷிஃப்டுக்குப் போய்க்கொண்டிருந்தோம். பொழுது மங்கிவிட்டது. மார்க்கம் தாண்டுகிற இடத்தில் தெருவை ஒடுக்கி, சிவப்பும் நீலமுமாக விளக்குகள். குடித்துவிட்டு ஓட்டுகிறவர்களைப் பிடிக்க இங்கே இப்படி மறிப்பார்கள். ஒருவன் டோர்ச் லைற்றை ஆட்டி ஓரங்கட்டச் சொன்னான்.

“ஒண்டுமில்ல அம்மா. சும்மா செக். அப்படியே இருங்கோ,” என்றான் சுதன்.

“எனக்குத் தெரியும். நான் பாஸ் பண்ணின கேள்வி,” என்றேன். நன்றாகத்தான் நிறுத்தினேன். சிக்னல் போட்டேன், ஓரமாக விட்டேன், கண்ணாடியை இறக்கினேன், வலது கை ஸ்டியரிங்கில் இருந்தது, எல்லாம் புத்தகத்தில் உள்ளபடி. அந்தப் பெடியன் என் கண்ணாடியடியில் வந்து குனிந்தான். என் மகனை விட இளையவன்.

“ஈவினிங், மேம். லைசென்ஸ் ப்ளீஸ்.”

ஓம், தாறன் என்று சொல்ல வாயைத் திறக்கப் பார்த்தேன். முடியவில்லை. லைசென்ஸ் அட்டை என் பல்லுக்கிடையில் இருந்தது. எப்போது எடுத்தேன், எப்போது கவ்வினேன் என்று எனக்குத் தெரியாது. காரின் முன்விளக்கும் அணைந்திருந்தது.

சுதன் சிரிப்பான் என்று காத்திருந்தேன். அவன் சிரிக்கவில்லை. கையை நீட்டி அட்டையை என் வாயிலிருந்து மெதுவாக எடுத்தான். தன் சேர்ட்டில் துடைத்தான். எனக்குக் குறுக்கே எட்டி அதைப் பொலீஸ்காரனிடம் கொடுத்தான். “மை மொம்,” என்று மட்டும் சொன்னான். அது ஒரு விளக்கமா என்று எனக்குத் தெரியாது, பொலீஸ்காரனுக்கும் தெரிந்திருக்காது. அவன் அட்டையைப் பார்த்தான், திருப்பித் தந்தான், விளக்கைப் போட்டுக்கொண்டு போகச் சொன்னான்.

கார் எங்கோ டிங் டிங் என்று மணி அடித்துக்கொண்டேயிருந்தது. நெடுநேரமாக அடித்துக்கொண்டிருந்திருக்க வேண்டும்.

“அம்மா,” என்றான் சுதன், “கதவு.”

குனிந்து பார்த்தேன். என் இடது கை கதவைத் திறந்து பிடித்திருந்தது. வலது கால் பிரேக்கை அழுத்திக்கொண்டிருந்தது. இடது கால் வெளியே, தெருவில் ஊன்றி நின்றது.